வரிசையில் கடைசி

"இன்னைக்கும் என்னோடதுதான் கடைசியா?"

டைம்கீப்பர் ரிமோட்டை மேஜைமேல் போட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம், எந்த வண்டி முதலில் போகும், எது கடைசி என்று எழுதியவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

ஹால் அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டி. டிவி நிகழ்ச்சிகளை ரெக்கார்ட் செய்து, சின்ன ஃபைலாக மாற்றி வைக்கும். எதை எப்போது மாற்றுவது என்று அதில் வரிசை போடுவது மருமகள். மகனின் கால்பந்து காலை ஆறுக்கே தயார். அவளுடைய சீரியல் ஏழுக்கு. அவருடைய வினாடி வினா மட்டும் பன்னிரண்டு மணிக்கு.

"வேணும்னே பண்றா," என்றார் மகனிடம்.

"மாமா, உங்களோடது மாத்த ரொம்ப நேரம் ஆகும்!" சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வீட்டையே தூக்கியது.

"கேட்டியா? ஊரைக் கூட்டுற மாதிரி கத்தல். அவளைப் பாத்து நீயும் கத்தப் பழகிட்டே."

"அப்பா, அது என்னன்னா..."

சமையலறை வாசலுக்கு வந்த மருமகள் கண்ணைக் காட்டினாள். மகன் வாயை மூடிக்கொண்டான்.

அந்தக் கண்ஜாடை அவர் பார்வைக்குத் தப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஒரு மாதம் அவள் கையால் காபி வாங்காத மனுஷன். எதையும் மறக்கிற ஆள் இல்லை.

"எனக்கு மாத்தவும் வேணாம், மண்ணும் வேணாம். ரெக்கார்ட் ஆனதை அப்படியே காலையில போடு. இன்னொண்ணு. இனிமே எங்கிட்ட கத்தக்கூடாது. மனுஷங்ககிட்ட பேசற மாதிரி பேசு."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை ஆறு மணி. வினாடி வினா முதல் ஆளாக வரிசையில் நின்றது. ஜெயித்துவிட்ட திருப்தியோடு பட்டனை அழுத்தினார்.

கேள்வி கேட்பவர் வாயைத் திறந்தார். மூடினார். எதிரே இருந்த பெண் பதில் சொன்னாள். கைதட்டல் மட்டும் எங்கோ மழை பெய்கிற மாதிரி வந்தது. பேச்சு வரவில்லை.

சத்தத்தை இருபதிலிருந்து நாற்பதாக்கினார். அறுபது. எண்பது.

மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"பெட்டி ரிப்பேர்டா. சத்தமே இல்ல," என்றார்.

மகன் ரிமோட்டை வாங்கி டிவியை அடக்கினான். பெட்டியின் வேலைப் பட்டியலைத் திரையில் திறந்தான். மூன்றாவது வரியில் இருந்தது:

'மாமா நிகழ்ச்சி. பேச்சுச் சத்தத்தை மட்டும் கூட்டு. தினமும். நேற்று நிறுத்தப்பட்டது.'

தொடங்கிய தேதியைப் பார்த்தார். இரண்டு வருஷம் முன்பு. "காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா மாமா?" என்று அவள் கேட்டு, இவர் தட்டை விசிறி எறிந்த அதே வாரம்.

திரும்பினார். காபியோடு மருமகள் நின்றிருந்தாள். நேற்று சொன்னபடியே, மெதுவாக ஏதோ கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

டைம்கீப்பர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் கத்தியே சொல்லும்மா," என்றார்.