முதல் குச்சி

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள், கட்டட வேலையிலேயே காலம் தள்ளி, இப்போது தன்னைப் பார்க்க வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் அங்கே தெருவோரக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். மூவரும் அடுப்பைப் பார்த்தபடி ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர், குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறியை முதலில் அம்மா பாவாயிக்கு வைத்தார். அவள் கை மடியை விட்டு எழவில்லை.

“ஏனுங்க, நீங்க மொதல்ல தின்னுங்க,” என்றாள் புருஷனிடம்.

“அவரு தின்னாத்தான் உனக்குப் பசிக்குமாம்மா?” என்றாள் மகள்.

கறியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கறி பிடிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் முகம் வாடிப்போனது. நெருப்பு முன்னால் நின்று வேர்த்த மனுஷன். அப்பா செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்குப் பல்லு வலிக்குது புள்ள. நீ தின்னு.”

அவர் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்தாள். கருகிய தோலைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மென்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் போட்டுவிட்டு அடுப்படியில் தனியாகத் தின்றவள். அவள் இப்படித்தான் தின்பாள் என்பது செங்கோடனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த குச்சியோடு கடைக்காரர் அவர் பக்கம் வந்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. செங்கோடன் சத்தமில்லாமல் பாவாயி பக்கம் கண்ணைக் காட்டினார்.