லிஃப்டுக்குள் ஒரு தாள்

நாலு மாடி ஏறிய மூச்சு அடங்காமல், வீடு பார்க்க வந்தவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அவர் மனைவியோ பால்கனி மூலையில் குந்தி உட்கார்ந்து, வெயில் விழுந்த தரையைச் சாண் போட்டு அளக்கிறாள். சேலைத் தலைப்பில் செம்பட்டை ரோமங்கள் ஒட்டியிருக்கின்றன. "எங்க குண்டனுக்கு இந்த இடம் போதுங்க. பன்னெண்டு வயசு நாய். வெயில் பட்டாதான் எழுந்திரிப்பான்." வீட்டை விற்பவள் தலையாட்டுகிறாள், துப்பட்டா நுனி அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகுகிறது. 'நாய் வளர்க்க அனுமதி இல்லை' என்று குடியிருப்போர் சங்கம் லிஃப்டுக்குள் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு, நாய் வைத்திருந்த மூன்று குடும்பங்கள் இவள் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிவிட்டன. அதனால்தான் இன்று, "லிஃப்ட் ரிப்பேருங்க" என்று வாய் கூசாமல் சொல்லிப் படியேற்றிக் கூட்டி வந்தாள். கையில் போன் அதிர்கிறது. மாற்றலாகிப் போய், வேற்றூரில் தனியே கிடக்கும் கணவன். காலையிலிருந்து ஐந்தாவது தடவை. தாளைப் பற்றி இவர்களிடம் சொல்லிவிடலாமா? போனை எடுக்காமல் அணைக்கிறாள். "பிடிச்சிருக்கும்மா, முடிச்சிடலாம்" என்கிறார் வந்தவர். அப்போது வெளியே 'டிங்' என்று மணி ஒலிக்கிறது. லிஃப்ட் கதவு திறக்கிறது, எதிர்வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. சுவரில் சாய்ந்திருந்தவரின் முகம் மலர்கிறது. "அட, லிஃப்ட் சரியாயிடுச்சு! அப்பாடா, அதுலயே இறங்கிடலாம்."