திரும்பி வந்த மனு

"மூணாவது தடவையா திருப்பறீங்க சார். இப்ப என்ன குறை?"

அளவக்காவின் குரல் உயர்ந்ததும் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கவுன்டருக்குள் இருந்த பதிவாளர் நிமிரவே இல்லை. "கடைசி இணைப்புல மொழிபெயர்த்தவர் கையெழுத்து இருக்கு, தேதி இல்லை."

"பேனா குடுங்க, இங்கயே போட்டுடறேன்."

"அவர்தாம்மா போடணும். அடுத்தது யாரு?"

அளவக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று வருகிறவர்களுக்கு அளவெடுத்து ஷூ தைப்பவள். கைபேசியிலேயே பாதத்தை அளக்க அவள் கணவன் ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். அதன் பிறகு கடல் கடந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

போன மாதம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, 'அந்தச் செயலி எங்களுடையதன் காப்பி' என்று ஒரே ஒரு வரி புகார் அனுப்பியது. மறுநாள் காலையில் இணையச் சந்தையில் அவள் கடையை மூடிவிட்டார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையில் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாடு விட்டு நாடு நடக்கிற இணைய வியாபாரத் தகராறுகளுக்கு இருப்பது இந்த மையம் ஒன்றுதான். இங்கே மனு பதிவானால்தான் வழக்கு.

"முதல்ல பக்க எண் இல்லைன்னாரு. அப்புறம் பக்க ஓரத்துல விட்ட இடம் போதலைன்னாரு. இன்னிக்குத் தேதி!" வாசலுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள். "அந்தக் கம்பெனிகிட்ட கை நீட்டியிருப்பாரு, பாருங்க."

"விடு. செயலியை எழுதினது நான். யார் கேட்டாலும் வரிக்கு வரி காட்டறேன்" என்றான் கணவன்.

"யார்கிட்ட காட்டுவீங்க? இந்த மனுஷன் உள்ளயே விட மாட்டேங்கறாரே!"

மொழிபெயர்ப்பாளர் வெளியூரில் இருந்தார். நாலு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. பதிவாளர் மனுவை ஒரு புரட்டு புரட்டினார். டப்பென்று முத்திரை குத்தினார். அவ்வளவுதான்.

இரண்டே வாரத்தில் விசாரணை. எதிரே மூன்று நடுவர்கள், திரையில் கம்பெனி வக்கீல்.

"காப்பிங்கறதுக்கு என்ன ஆதாரம்?" நடுவர் அம்மாள் கேட்டார்.

"ரெண்டு செயலியும் பாதத்தை அளக்குது..." வக்கீல் இழுத்தார்.

"எல்லாக் கடைத் தராசும் எடைதான் போடுது. அதுக்காக ஒண்ணைப் பார்த்து ஒண்ணு செஞ்சதுன்னு சொல்லுவீங்களா?"

கணவன் முதல் நாள் எழுதியதிலிருந்து திறந்து காட்டினான். "அவங்க செயலி ரெண்டு காலும் ஒரே அளவுன்னு வெச்சுக்கிட்டு கணக்குப் போடுதுங்க. எங்களோடது, ரெண்டும் வேறன்னுதான் ஆரம்பிக்குது."

"சந்தேகம் இருந்தா என் வாடிக்கையாளர் ஒருத்தரை அவங்க செயலியில அளந்து பார்க்கச் சொல்லுங்கம்மா" என்றாள் அளவக்கா.

வக்கீல் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

அன்று மாலையே கடையைத் திறக்க உத்தரவு வந்தது.

உத்தரவின் நகலை வாங்கக் கவுன்டருக்குப் போனாள். அதே பதிவாளர்.

"ஜெயிச்சுட்டோம் சார். நீங்க மூணு தடவை அலைய விட்டும் ஜெயிச்சுட்டோம்!"

"சந்தோஷம்மா." நகலை நீட்டினார். "நீங்க மூணாவது தடவை வந்தது இருபத்தெட்டாம் தேதி. அப்ப பதிவு பண்ணியிருந்தா பழைய விதி. நடுவரும் கிடையாது, விசாரணையும் கிடையாது. புகாரைப் படிச்சுட்டு கம்ப்யூட்டரே மூணு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிடும். அதுல ஒரு சின்னக் கடைகூட ஜெயிச்சு நான் பார்த்ததில்லை."

"இப்ப?"

"நாடுங்க எல்லாம் பேசி விதியை மாத்தினாங்க இல்லையா, அது ஒண்ணாம் தேதியிலேர்ந்துதான் நடைமுறை. அன்னியிலேர்ந்து பதிவான மனுவை மனுஷங்க விசாரிக்கணும். புகார் சொன்னவங்கதான் நிரூபிக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"மனு போடறவங்களுக்கு யோசனை சொன்னா என் வேலை போயிடும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "குறை கண்டுபிடிக்கக் கூடாதுன்னு மட்டும் எந்த விதியிலயும் இல்லை."