காலி மிக்ஸி

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. அந்தக் காலம் மலையேறிவிட்டது. பெண் வீட்டுக் கூடத்தில், சொன்னதைக் கேட்டுச் செய்யும் பேச்சுப் பெட்டி மூன்று வருடமாகக் கேட்டு வைத்திருந்ததைத்தான் கேட்டார்கள். "நம்ம வீட்ல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?" என்று பெண் இளவேனிலின் அப்பா அருணகிரி எல்லாப் பதிவையும் பெருமையாக அனுப்பிவிட்டார். அவளுடைய காய்ச்சல் புலம்பலும் அம்மாவின் அழுகையும் அதில் இருந்தன. பெட்டியை வாங்கி வந்ததும் அவர்தான். தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்வதும் அவர்தான்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியை மென்றபடி கைபேசியைப் பார்த்தாள்.

"எல்லாம் திருப்திதாங்க. ஒண்ணுதான் புரியல. தினமும் ஒரு மணி நேரம் மிக்ஸி ஓடுது. ஆனா சட்னி, பொடி எல்லாம் பெட்டிகிட்ட சொல்லிக் கடையிலதான் வாங்குறீங்க. அப்ப மிக்ஸியப் போட்டுட்டு அம்மாவும் பொண்ணும் என்ன பேசிக்கிறீங்க?"

மாப்பிள்ளை பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றிக்கொண்டிருந்தான். பதில் அவனுக்கும் வேண்டும். கேட்பதற்குத்தான் அம்மா தேவைப்பட்டாள்.

"சொல்லும்மா, தப்பா நெனைக்க மாட்டாங்க" என்று குழைந்தார் அருணகிரி.

இளவேனில் எழுந்து சமையலறைக்குப் போனாள். காலி ஜாரை மாட்டி, மிக்ஸியை முழு வேகத்தில் திருகிவிட்டு, அங்கே நின்ற தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

கூடத்தில் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிதான் அவர்களுக்காகக் கெஞ்சியது: "மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல முடியுமா?"