மூன்றாவது கத்தி

"இன்னைக்கும் மழுங்கிடுச்சா?"

பட்டறையிலிருந்து வந்தவர் கத்தியைத் தக்காளி மேல் வைத்து அழுத்தினார். தோல் நசுங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

"அப்படி என்னத்தைத்தான் வெட்டினே?"

"ரெண்டு வெங்காயம், ஒரு பார்சல் கயிறு. அதுவே உங்க கத்திக்குப் பாரம்னா நான் என்னங்க பண்றது?" என்று சிரித்தாள் மனைவி.

ரம்பத் தகட்டை அறுத்து, அவர் கையாலேயே செய்த சின்னக் கத்தி. வீட்டில் ஒரு வாரம் புழங்கிக் கூர் நின்றால்தான் கடைக்கு அனுப்புவார். முதல் இரண்டும் இப்படித்தான் தோற்றன. காலையில் தீட்டிக் கொடுத்தால் மாலைக்குள் மழுங்கிவிடுகிறது. இருபது வருடம் பழகிய கைக்கு என்ன கேடு வந்தது?

மறுநாள் காலை, மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடிக்காகப் பாதி வழியில் திரும்பினார். பின்வாசலில் கரகரவென்று சத்தம். துவைக்கிற கல்லில் கத்தியைத் தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தாள் மனைவி.

"ஏண்டி, என் பிழைப்பையே கெடுக்கிறியா?"

அவள் அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தாள். போன மாதம் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"பட்டறையில உங்க தம்பி கண்ணு வெச்சுப் பாத்துக்கிறார். ராத்திரி நான் அசந்துட்டா?"

அவர் உள்ளே போய்ச் சாணைக்கல்லை எடுத்து வந்து அவளிடம் நீட்டினார்.

"ரெண்டையும் பூட்டி வை. சாவி எங்கேன்னு எனக்குச் சொல்லாதே."