திரைக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று, மில்லுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்யும் ஆறுச்சாமி வழக்கம்போல் சந்தனக் கிண்ணத்தோடும் பொரிப் பையோடும் வந்தார். பர்சேஸ் மேனேஜர் சிதம்பரநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து நெற்றியைக் காட்டினார். வருஷா வருஷம் முதல் பொட்டு அவருக்குத்தான். ஆறுச்சாமியின் விரலோ அவரைத் தாண்டிப் போய், மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை ஒற்றியது.

“எனக்கில்லையா?”

“உங்களுக்கில்லாமலா? பொரி எடுத்துக்குங்க. இப்ப தானாவே கொட்டேஷன் கேக்கறதும் ஆர்டர் போடறதும் இதுதானுங்களே. இதுக்கு வெச்சாத்தானுங்க மரியாதை.”

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆறுச்சாமி கிளம்பிவிட்டார்.

சிதம்பரநாதன் திரையை முறைத்தார். போன வருஷம் வந்த சனியன், அதற்கு நெற்றி ஒன்றுதான் குறைச்சல். துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் திரை தானாக அணைந்தது. கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. பொட்டு வலது கன்னத்தில் இருந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பொட்டு புருவ மத்தியில் வந்து உட்காரும்வரை நாற்காலியை மெல்ல நகர்த்தினார். பிறகு, மவுஸில் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.