அம்சத்தின் பிள்ளைக்கு இருமல்

எட்டு மாதமே ஆன தன் பிள்ளை இருமினால் வெண்ணாற்று மதகுப் பலகை அதிரும் என்றாள் அம்சம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், தூங்குகிற தெரு எழுந்து உட்காரும், கேட்டவர்கள் நாற்பது வயது ஆள்தான் இருமுகிறான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். தை பிறந்ததிலிருந்து விடாத இருமலாம்.

டாக்டர் தியாகராசன் பிள்ளையைப் பார்த்தார். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி கொழுகொழுவென்று, மேசை மேலிருந்த டார்ச்சு லைட்டைத் தின்னப் பார்த்தது.

"இவனா இருமுறான்?"

"இவனேதாங்க. மூச்சு முட்ட இருமுறான்."

சுவரோரப் பெஞ்சில் ஏட்டு சாரங்கபாணி. அக்குளில் கட்டி அறுத்திருந்தது. வலது கையை இறக்க முடியாமல், பஸ்ஸை நிறுத்துகிறவர் போலத் தூக்கியபடியே திரிந்தார். அந்தக் கையோடுதான் அம்சத்தின் புருஷன் மருதையனைத் தேடிக்கொண்டும் இருந்தார்.

உதயசூரியன் கோட்டையேறிய பிறகு வந்த முதல் சம்பா அறுவடை. கூலி நெல் கூட்டிக் கேட்டு மருதையன் வயலில் கொடி நட்டான். அடிதடியாயிற்று. ஆள் தலைமறைவு. கொடி நட்டது டாக்டரின் அண்ணன் வயலில். அண்ணன் நெற்றிக்குத் தையல் போட்டதும் இந்தத் தியாகராசன்தான்.

அவரிடம் மாத்திரை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இருமலா, வெந்நீர் குடி. காய்ச்சலா, படுத்துத் தூங்கு. சொந்த மாமியார் நிமோனியாவோடு வந்தபோதே வாக்குவாதம் பண்ணி, தோற்ற பிறகுதான் பென்சிலின் போட்டார் என்று ஊரில் பேச்சு.

குழலை மாட்டிக்கொண்டு முதுகிலும் நெஞ்சிலும் வைத்துக் கேட்டார். புளிபோட்டுத் துலக்கிய வெண்கலம் மாதிரி நெஞ்சு சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. சளி புடிச்சி விட்டா இருமல் கொஞ்ச நாளு இழுக்கும். மருந்தே வேணாம்."

"பெரிய மருந்தாக் குடுங்கய்யா. கேப்சூலுங்கிறாங்களே, அது."

"எட்டு மாசப் புள்ளைக்குக் கேப்சூலா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இருமல் வந்தா துண்டச் சுருட்டி வாயில திணிச்சிக்குதுங்க. சத்தம் வெளிய வரப்படாதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பெஞ்சில் தூக்கிய கை அசைந்தது. "என்னாது? எட்டு மாசப் புள்ள துண்டத் திணிச்சிக்குதா?"

பிள்ளை மட்டும் ஏட்டைப் பார்த்துச் சிரித்தது. அம்சம் அதை இறுக்கிக்கொண்டாள்.

தியாகராசனுக்கு அண்ணன் நெற்றி ஞாபகம் வந்தது.

"பல்லு மொளைக்குது ஏட்டையா," என்றார். "துண்டு கெடச்சா துண்டு. உங்க லத்தி கெடச்சா அதையும்தான் கடிக்கும்."

ஏட்டு சிரிக்க ஆரம்பித்து, அக்குள் வலித்து, நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மறுபடி குனிந்து பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்தார். கேட்க அங்கே ஒன்றுமில்லை. குனிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ரத்தம் வருதா?" என்றார், உதடு அசையாமல்.

"முந்தாநேத்து வரைக்கும் வந்துதுங்க." அவள் குரல் பிள்ளையின் தலைமுடிக்குள் போயிற்று. "நேத்திலேருந்து இருமவே இல்ல. தெம்பில்ல. கூப்புட்டா கண்ண மட்டும் தொறந்து பாக்குது."

பிள்ளை இரண்டு கையாலும் குழலைப் பிடித்து இழுத்து, காலை உதைத்துக் கெக்கலித்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கட்டிலுக்கு முன்னால் விலங்கு வந்துவிடும். தானே போய்ப் பார்க்கலாமென்றால், டாக்டர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஏட்டு சைக்கிளும் வரும். இருமத் தெம்பில்லாமல் போன நெஞ்சுகளை அவர் பார்த்திருக்கிறார். அதன் பிறகு கொடுத்த மருந்து யாருக்கும் உதவியதில்லை. அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சளி கட்டித்தான் இருக்கு," என்று நிமிர்ந்தார். "மொதல்ல சரியாக் கேக்கல."

தவறாகக் கேட்டேன் என்று தியாகராசன் வாயால் சொன்னது ஜில்லாவிலேயே அதுதான் முதல் தடவை.

அலமாரியிலிருந்த கேப்சூல் டப்பாவை அப்படியே எடுத்து அவள் மடியில் வைத்தார். "பிரிச்சி, கடுகத்தனை எடுத்துத் தேன்ல கொழச்சி நாக்குல தடவு," என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. ஏட்டுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு விரலை நீட்டினார். வேளைக்கு இரண்டு, முழுசாக.

அம்சம் தலையாட்டினாள். டப்பாவை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பிள்ளைக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து அணைத்துக்கொண்டாள். அந்த மருந்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் முகம் நம்பிவிட்டது. டாக்டரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நில்லு புள்ள." ஏட்டு எழுந்தே விட்டார். "டாக்டர், உள்ளதச் சொல்லுங்க. அந்த வூட்டுலேருந்து ஆம்பள இருமல் கேட்டுதுன்னு பாதித் தெரு சொல்லுது. இந்தப் பொடிசு அப்படி இருமுமா? நீங்களே நம்பலையே."

"நம்பலதான் ஏட்டையா," என்றார் தியாகராசன். காதிலிருந்து குழலைக் கழற்ற மறந்திருந்தார். "இப்ப இதுல கேட்டேன். உள்ளுக்குள்ள அப்படியே பெரிய ஆளு இருமல். இவன்தான் இருமினான்."